மூன்று ஆதாரங்களும் ஒரு காதும்

நாகலாபுரம்
3 ஜூலை 2025

அன்புள்ள ஸ்டெல்லாமேரி மதினிக்கு,

ராதாமணி எழுதுகிறேன். கோவில்பட்டியில் அண்ணாச்சியின் புத்தக வெளியீட்டில் பேசி, எல்லோருக்கும் வேண்டாதவளாகிப்போன அதே ராதாமணி டீச்சர்தான். இப்போது நாகலாபுரத்தில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். நூலகமும் என் பொறுப்பு.

மதினி, நேற்றுதான் எனக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் பிரித்திகா என்று ஒரு பிள்ளை, ‘எங்கள் வட்டார எழுத்தாளர்கள்’ என்று ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாம் பக்கத்தில் ‘நகைச்சுவை எழுத்தாளர் இன்னாசிராஜ் (1970–2019)’ என்று இருந்தது. நான் நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். “என்ன டீச்சர், தண்ணி கொண்டாரட்டா?” என்று பிள்ளை பயந்துவிட்டது.

ஆறு வருடங்களா ஆகிவிட்டன? யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் ஊர்மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், குற்றம் என்மேல்தான். அவர் பெயரை யாராவது எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன். பிறகு யார் சொல்வார்கள்?

அன்று மேடையில், இந்தப் புத்தகத்தில் நல்ல நகைச்சுவை நான்கு, அதில் மூன்று வேறு யாரிடமோ கேட்டவை, எங்கே கேட்டது என்று போட்டிருக்கலாம் என்றேன். அது உண்மை. ஆனால் நான்காவதைப் படித்துப் பேருந்தில் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் நம்மைச் சிரிக்கவைக்க அவரைவிட்டால் ஆளில்லை. அதையும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது மதினி, என் சுபாவம் அப்படி.

உங்கள் கைபேசி எண் என்னிடம் இல்லை. அதனால் கடிதம். கட்டுரையில் வைக்க அண்ணாச்சியின் தெளிவான படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். மன்னியுங்கள்.

ராதாமணி


கடம்பூர்
8 ஜூலை 2025

ராதாமணி டீச்சருக்கு,

மறைந்த இன்னாசிராஜ் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை ஸ்டெல்லா சத்தமாக வாசித்தபோது நான் எதிரே உட்கார்ந்து ஐந்தாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். ‘1970–2019’ என்ற இடத்தில் பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. சாம்பார் முழங்கைவரை வழிகிறது, எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா என்னைப் பார்க்கிறாள், கடிதத்தைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். “ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஆறு மாசம் அசைய மாட்டேங்கீய. டீச்சர் சொல்லுதது சரியாத்தான் இருக்கும்” என்றாள். கட்டிய மனைவி.

நம்பாமல் கைபேசியைக் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்டால் பதில் சொல்கிறதே அதை. “கடம்பூர் எழுத்தாளர் இன்னாசிராஜ் எப்படி இருக்கிறார்?” அது சொல்கிறது: “அவர் 2019 செப்டம்பரில் காலமானார். இறுதிக் காலத்தில் எளிமையாக வாழ்ந்தார்.” நான்தான் அவர் என்றேன். “உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது” என்றது டீச்சர்! நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிப்பதே ஒரு ஆறுதலாக இருந்தது.

ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போனேன். எதிர்ப்பக்கம் டீ போடும் பிச்சையாவிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். “நெட்டுல சும்மாவா போடுவான் அண்ணாச்சி? எதுக்கும் ஒருக்கா உடம்பைக் காட்டிருங்க” என்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரங்கல் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வருடக் கோபத்தை அது பாதியாக்கிவிட்டது. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது. கடிதத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன். பேருந்தில் எந்தப் பக்கத்துக்குச் சிரித்தீர்கள் என்று மட்டும் எழுதவும்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லி என் சாவை அடிக்கச் சொல்லுங்கள். நேரில் வரலாம், போனில் சொல்லலாம். ஆனால் நீங்கள் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், நான் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். யார் முதலில் எடுப்பது என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? தபாலே நல்லது. இதில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழ முடியாது.

இன்னாசிராஜ்
(இன்றைய தேதிவரை உயிருடன்)


நாகலாபுரம்
12 ஜூலை 2025

அண்ணாச்சிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதம் கையைவிட்டு விழுந்துவிட்டது. ஆசிரியர் அறையில் உமாதேவி டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் இருப்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதினால் அதையும் பிரேம் போடுவீர்கள். அதனால் எழுதவில்லை. முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள். அது நீங்கள் இல்லை என்று நினைத்து எழுதியது.

சாவை அடிப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி எளிதாக இல்லை. பிரித்திகா ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

“டீச்சர், அவிய பேர்ல வேற யாரும் எழுதியிருக்கலாம்லா?”

“எனக்கு அவர் கையெழுத்து தெரியும்ட்டி.”

“உங்களுக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? இறந்துட்டாருன்னு மூணு ஆதாரம் வச்சிருக்கேன். இருக்காருன்னு அவரு ஒருத்தர்தான் சொல்லுதாரு. சம்பந்தப்பட்ட ஆள் தன்னைப் பத்திச் சொல்லுததை மட்டும் வச்சு எழுதாதேன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தகவலுக்கு மூன்று ஆதாரம் வேண்டும் என்பதும் நான் போட்ட விதி.

மூன்றும் இணையதளங்கள். ஒன்று ‘வட்டாரக் களஞ்சியம்’, இன்னொன்று வாசகர் ஒருவரின் வலைப்பூ, மூன்றாவது எழுத்தாளர் அகராதி என்று ஒன்று. மூன்றிலும் ஒரே தேதி. பிள்ளை அதோடு நிற்கவில்லை. இணையத்தை மட்டும் நம்பக்கூடாது என்றும் நான்தான் சொல்லியிருந்தேனே. கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறிப் போய், நூலகத்தில் ‘உரசல்’ மாத இதழின் பழைய தொகுப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். உங்கள் ‘ஓசிப் பேப்பர்’ பத்தி 2019 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. புத்தகம் இல்லை, கூட்ட அறிவிப்பில் பெயர் இல்லை. “செப்டம்பர்ல இறந்துட்டாரு, ஆகஸ்டோட எழுத்து நின்னுட்டு. பொருந்துதுல்லா டீச்சர்” என்கிறாள்.

ஆகஸ்ட் 8 அன்று மாவட்டப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு கட்டுரையும் தேர்வானதில்லை. ஆதாரங்களைச் சரிபார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. உயிரோடு இருப்பவரைச் செத்தவராகக் காட்டி அந்தப் பிள்ளை மேடையில் நின்று, கூட்டத்தில் ஒருவர் எழுந்து ‘அவர் நேற்று எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாரே’ என்றால், அதோடு அவள் எழுதிய மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆதாரமில்லாமல் மாற்றினாலும் நடுவர்கள் விடமாட்டார்கள்.

நீங்கள் இருப்பதற்கு அச்சில் ஏதாவது ஆதாரம் இருந்தால் அனுப்பவும்.

ராதாமணி


கடம்பூர்
17 ஜூலை 2025

டீச்சர்,

அச்சில் இருப்பது என் கடை போர்டு ஒன்றுதான். அதிலும் ‘ராஜ்’ உதிர்ந்து ‘இன்னாசி’ மட்டும் நிற்கிறது.

நானே போய் அந்த வட்டாரக் களஞ்சியத்தில் ‘2019’ஐ அழித்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அழித்தேன். அதை நடத்துகிற ஹரிகிருஷ்ணன் என்ற பையனிடமிருந்து ஒரு செய்தி: “ஆதாரமின்றி மாற்ற இயலாது. மேலும், மறைந்தவர்கள் பெயரில் கணக்குத் தொடங்குவது விதிமீறல்.” கணக்கை மூடிவிட்டான். ஐம்பத்தைந்து வயதில் என்னை ஒரு பையன் இரண்டாம் முறை புதைத்தான்.

ஆதார் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். “அட்டை 2015இல் எடுத்தது, அப்போது உயிருடன் இருந்ததை நாங்கள் மறுக்கவில்லை” என்கிறான். சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு வந்தேன்.

இது எல்லாவற்றுக்கும் சிரித்தேன் டீச்சர். ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளை நூலகத்தில் தேடின விஷயம். இணையத்தில் எவனோ கண்டதையும் எழுதுவான், போகட்டும். ஆனால் அவள் சரியாகத்தானே தேடியிருக்கிறாள்? தொகுப்பைப் புரட்டியிருக்கிறாள், மாதம் மாதமாகப் பார்த்திருக்கிறாள். ஆகஸ்டுக்குப் பிறகு நான் இல்லை. உண்மையிலேயே இல்லை. அதைப் படித்ததும் கடையில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். வந்தவன் இரண்டு பக்கம் எடுக்கச் சொன்னதற்கு இருபது எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் நின்றது என்று பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இரவல் என்று மைக்கில் சொன்னீர்கள். அதற்கப்புறம் ஒரு வரி எழுதினாலும், இது யார் சொன்னது, எங்கே கேட்டது என்று உங்கள் குரல் காதில் விழும். பேனாவை மூடிவிடுவேன். ஆகவே என் சாவுக்கு ஆதாரம் கேட்டால், நான்காவதாக உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதியது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

இன்னாசிராஜ்


நாகலாபுரம்
21 ஜூலை 2025

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன்.

நான் எழுதாதீர்கள் என்றா சொன்னேன்? எங்கே கேட்டது என்று ஒரு வரி போடச் சொன்னேன். ஒரு வரி! அதற்குப் பதிலாக ஆறு வருடம் எழுதாமல் இருந்திருக்கிறீர்கள். இதை உங்களால்தான் செய்ய முடியும். எனக்கு அதிர்ச்சி, கோபம், இன்னொன்றும் இருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அதை விடுங்கள். பிரித்திகா ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். “அவிய இவ்ளோ தூரம் சண்டை போடுதாவன்னா ஒருவேளை உயிரோட இருக்கலாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, மூன்று தளங்களில் இருந்தும் உங்கள் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒரே படம். நீங்கள் கைகூப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். மூன்றிலும் உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு காது இருக்கிறது.

வேறு யாருடையதோ காது. வயதானவர் காது. மடலில் பெரிய துளை. ஆளை வெட்டிவிட்டார்கள், காதை வெட்ட மறந்துவிட்டார்கள். ஒருவர் போட்டதை மற்ற இரண்டு பேரும் காதோடு எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிள்ளை என்னைப் பார்த்து, “மூணு ஆதாரம் இல்ல டீச்சர். ஒண்ணுதான்” என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இருபது வருடமாக மூன்று, மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் காது யாருடையது?

ராதாமணி


கடம்பூர்
24 ஜூலை 2025

டீச்சர்,

படத்தை மேசையில் வைத்தேன். எனக்குப் புரியவில்லை. பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

“இது எங்கப்பா காது” என்றாள்.

ஈரக் கையால் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, “உங்களுக்கும் எங்கப்பாவுக்கும் ஆளே தெரியாமப் போச்சா இவனுகளுக்கு? எங்கப்பா எவ்ளோ சிவப்பு!” என்றாள். பிறகுதான் அழுதாள்.

என் மாமனார் சூசைமாணிக்கம் 2019 செப்டம்பரில் காலமானார். அவர் வாழ்நாளில் எடுத்த படம் ஒன்றே ஒன்று, அதுவும் தபால்தலை அளவு. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பெரிதாக்கினால் மூஞ்சி முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. நம் பக்கம்தான் உயிரோடு இருக்கிறவர்களையும் செத்தவருக்குச் சமமாகப் பேனரில் வரிசையாக நிறுத்துவோமே! பேனர் கடைக்காரன் தன் புத்தியைப் பயன்படுத்தி, மாமனாரை ஓரத்தில் சிறிதாக வைத்துவிட்டு, மூத்த மருமகனை நடுவில் பெரிதாகப் போட்டான். என் புத்தகத்தின் பின்னட்டைப் படம், கைகூப்பியது. கீழே ‘எழுத்தாளர் இன்னாசிராஜ்’. மறைவுத் தேதிக்கு வேறு இடமில்லாமல் அதை என் பெயருக்கு அடியில் போட்டிருக்கிறான். அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. துக்க வீட்டில் மூன்று தடவை வெளியே போய்ப் பேனரைப் பார்த்துவிட்டு வந்தேன். மைத்துனன் டேவிட்சன், “அத்தான் தாங்க முடியாம வெளிய போயிட்டுப் போயிட்டு வாராவ” என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

இதை ஹரிகிருஷ்ணனுக்கு எழுதினேன். அவன் கோவில்பட்டிப் பையன்தான், பெங்களூரில் இருக்கிறான். அன்றைக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகப் பேனரைப் படம் எடுத்தவனே அவன். “சார், உங்க ரசிகன் சார், அன்னைக்கு பஸ்ஸிலேயே அழுதேன் சார்” என்கிறான். பாதி பேனர்தான் ஜன்னலில் தெரிந்ததாம். இருந்தாலும் மாற்ற மாட்டானாம். 2019க்குப் பின் நான் எழுதியது ஒன்று அச்சில் இருந்தால் போதுமாம்.

‘உரசல்’ ஆசிரியர் வெயிலுமுத்துவிடம் போனேன். “அஞ்சலின்னா ரெண்டு பக்கம் தாரேன் அண்ணாச்சி. கட்டுரைன்னா ஒரு பக்கம்தான்” என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

நேற்றிலிருந்து உட்கார்ந்து பார்க்கிறேன். வரவில்லை டீச்சர். ஒரு வரி வந்தால், இது பிச்சையா சொன்னது. அடுத்த வரி ஸ்டெல்லா சொன்னது. அதற்கடுத்தது கைபேசி சொன்னது. என்னுடையது என்று ஒன்றுமே இல்லை. நீங்கள் அன்று சொன்னது சரிதான் போலிருக்கிறது. பிள்ளையிடம் வேறு எழுத்தாளரைப் போடச் சொல்லுங்கள்.

இன்னாசிராஜ்


நாகலாபுரம்
27 ஜூலை 2025

அண்ணாச்சிக்கு,

வேறு எழுத்தாளரைப் போட நேரமில்லை. பிள்ளை தலைப்பையே மாற்றிவிட்டாள். ‘எழுத்தாளர் இன்னாசிராஜ் எப்படி இறந்தார்: மூன்று ஆதாரங்களின் ஆய்வு’. நீங்கள் எழுதாவிட்டால் அந்தத் தலைப்புக்கு முடிவு கிடையாது.

பிச்சையா சொன்னதைப் பிச்சையா சொன்னார் என்றே எழுதுங்கள். மதினி சொன்னதை மதினி பெயரில் போடுங்கள். அன்று நான் கேட்டது இதைத்தான். இவர்கள் எல்லோரும் சொல்வதை நானும்தான் தினமும் கேட்கிறேன். எனக்குச் சிரிக்கும்படி எழுத வரவில்லையே. உங்களுக்கு வருகிறதே, அது யாருடையது?

என் இரங்கல் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முழுவதுமாக. என் பெயர், தேதியோடு.

நீங்கள் கேட்டிருந்தீர்கள். பேருந்தில் நான் சிரித்தது 61ஆம் பக்கத்துக்கு.

ராதாமணி


கடம்பூர்
4 ஆகஸ்ட் 2025

டீச்சர்,

‘உரசல்’ ஆகஸ்ட் இதழ் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று பிள்ளைக்கு. மை இன்னும் கையில் ஒட்டுகிறது, பார்த்துப் பிரிக்கவும். ஒரு பக்கம் கேட்டு நாலு பக்கம் ஆகிவிட்டது. வெயிலுமுத்து திட்டிக்கொண்டே ஒரு பட்டாசுக் கடை விளம்பரத்தை எடுத்துவிட்டார். கடைசியில் சின்ன எழுத்தில் யார் யார் எதைச் சொன்னார்கள் என்று போட்டிருக்கிறேன். மாமனார் காதுவரை.

61ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அது ஸ்டெல்லா சொன்னது. எங்கே கேட்டது என்று அதிலும் போடவில்லை. மன்னிக்கவும், உங்கள் கணக்கில் நான்கும் இரவல்தான்.

இன்னாசிராஜ்


நாகலாபுரம்
9 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சிக்கு,

நேற்றுப் போட்டி முடிந்தது. பிரித்திகா பேச ஆரம்பித்ததுமே நடுவர்களில் ஒருவர் கையைத் தூக்கினார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர்.

“ஏம்மா, இன்னாசிராஜ் உயிரோட இருக்காருன்னு எதை வச்சுச் சொல்லுதே? நான் அவரு அடக்கத்துக்கே போயிருந்தேனே!”

பிள்ளை அசையவில்லை.

“சார், உள்ள போயி முகத்தைப் பாத்தீங்களா?”

“கூட்டமா இருந்துச்சு. வெளிய பேனரைப் பாத்து மாலையை வச்சிட்டு வந்துட்டேன்.”

“அந்தப் பேனர்ல ஓரத்துல ஒரு காது பாத்தீங்களா சார்?” என்று கேட்டுவிட்டுப் படத்தைத் திரையில் போட்டாள். பிறகு உங்கள் நாலு பக்கத்தை வாசித்தாள். என் இரங்கல் கடிதம் வந்த இடத்தில் அரங்கமே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போகவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மாலை வைத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு நுண்ணீர்ப் பாசனத்துக்கு. பிள்ளைக்கு வருத்தமில்லை. “டீச்சர், அடுத்த வருசம் உங்களை வச்சு எழுதட்டா?” என்கிறாள். என்னைப் பற்றி மூன்று ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். “ஒண்ணு போதும், நல்லதா இருந்தா” என்றாள்.

திருத்திய கட்டுரையின் கடைசிப் பக்கம் இத்துடன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘1970–’ என்று போட்டுக் கோட்டுக்கு அப்புறம் இடம் விட்டிருக்கிறாள் பாருங்கள். கொஞ்சம் விட்டால் போதாதாட்டி என்றதற்கு, “அவிய எவ்ளோ நாள் இருப்பாவளோ, யாருக்குத் தெரியும் டீச்சர்” என்று இன்னும் கொஞ்சம் தள்ளி எழுதினாள்.

ராதாமணி


கடம்பூர்
13 ஆகஸ்ட் 2025

டீச்சர்,

அந்த வெற்றிடத்தைக் கடையில் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பிச்சையா வந்து பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி” என்றான். அதுதான்டே இருக்கிறதிலேயே பெரிய சந்தோஷம் என்றேன். செப்டம்பர் பத்தி எழுதிவிட்டேன். அதில் நீங்கள் வருகிறீர்கள், ஆதாரத்தோடு.

உங்கள் எண்ணை நேற்றுத் திறந்துவிட்டேன். முதலில் திறந்தது நான்தான், இதைக் குறித்துக்கொள்ளவும். ஸ்டெல்லாவுக்கு உங்களோடு பேச வேண்டுமாம். கூப்பிடுங்கள். நான் எடுத்தால் மட்டும், தயவுசெய்து, ஐயோ என்று கத்தாதீர்கள்.

இன்னாசிராஜ்